நாமா, நாங்களா?

விஞ்ஞான நாவலைத் தமிழில் கொண்டுவரக் கலைச்சொல் போதாது என்பது நம்மிடம் நெடுநாளாக இருந்துவரும் குறை. எச். ஜி. வெல்ஸின் ‘வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்’ நாவலைத் தமிழாக்க உட்கார்ந்த பிறகு, எனக்கு இந்தக் குறையில் நம்பிக்கை போய்விட்டது. செவ்வாய்க்காரர்களின் ‘ஹீட் ரே’ ஒரு நிமிஷத்தில் வெப்பக்கதிர் ஆயிற்று. கரும்புகையும் செம்பூண்டும் அப்படியே வந்து உட்கார்ந்தன. ஆசிரியன் இட்டுக்கட்டிய பொருளுக்கு நாமும் ஒரு பெயரை இட்டுக்கட்டிவிடலாம், கேட்பாரில்லை. என்னைத் தடுக்கி விழச் செய்தவை வண்டி, சோடா, மேய்ச்சல் நிலம் போன்ற சாதாரணங்கள்தாம்.

இது தற்செயல் அல்ல. நாவல் 1897-ல் பத்திரிகைத் தொடராகவும் 1898-ல் புத்தகமாகவும் வந்தது. வெல்ஸ் 1895-ல் லண்டனுக்குத் தென்மேற்கே வோக்கிங்கில் குடியேறினார். ரயில் வந்ததால் வளர்ந்த புறநகர் அது. சைக்கிளில் சுற்றி, எந்தத் தெரு எரிய வேண்டும், எந்த வீடு இடிய வேண்டும் என்று பார்த்து வைத்துக்கொண்டார். ரயில் நிலையத்தையும் காலையில் வரும் பால்காரனையும் வாசகன் முதலில் நம்புகிறான். நம்பிவிட்ட காரணத்தால் முக்காலி யந்திரத்தையும் நம்புகிறான். தமிழில் பால்காரனே அந்நியனாகிவிட்டால் யந்திரம் நிற்கத் தரை இல்லை. வோக்கிங்கும் செவ்வாயும் வாசகனிடமிருந்து ஒரே தூரத்தில் போய் நின்றுவிடும்.

கதை சொல்பவன் மனைவியை உறவினர் வீட்டில் கொண்டுவிட, ஒரு விடுதிக்காரனிடம் ‘டாக் கார்ட்’ வாடகைக்கு எடுக்கிறான். என் முதல் பிரதியில் ‘நாய் வண்டி’ என்றே இருந்தது. அச்சுக்குப் போயிருந்தால் ஒரு தம்பதி நாய் பூட்டிய வண்டியில் உயிருக்குத் தப்பியிருப்பார்கள். அது ஒற்றைக் குதிரை இழுக்கும் இரண்டு சக்கர வண்டி. வேட்டை நாய்களை ஏற்றிச்செல்ல ஆசனத்தின் கீழ் பெட்டி இருந்ததால் அந்தப் பெயர். வேடிக்கை பார்க்கும் கூட்டத்திற்கு விற்க ஒரு மிட்டாய்க் கடைக்காரன் மகனிடம் தள்ளுவண்டியில் பச்சை ஆப்பிளும் ‘ஜிஞ்சர் பீரும்’ கொடுத்தனுப்புகிறான். அதைப் பீர் என்றே விட்டால் பகல் வெயிலில் சாராயக் கடை திறந்ததாகிவிடும். அது நம் கோலிசோடாக் கடை ஜிஞ்சருக்கு உறவு.

இவை அகராதி பார்த்தால் திருந்தும் பிழைகள். தெரிந்த சொல் என்று நம்பி அகராதியைத் திறக்காமல் போகிற இடம் இன்னும் மோசம். ஓர் இடத்தில், மணற்குழிகளை ‘கமாண்ட்’ செய்வதற்காகப் பீரங்கி கொண்டுவரப்படுகிறது. நான் ‘ஆணையிடுவதற்காக’ என்று எழுதி, அர்த்தம் புரியாமல் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். 1965-ல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பிய ஊர் ஆவடி. பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்கள் இந்தப் பக்கம் தெருவுக்குத் தெரு உண்டு. பீரங்கிப் படையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் கேட்டேன். “கமாண்ட்னா ஆர்டர் போடறது இல்ல சார். மேட்டுல பீரங்கிய வெச்சா கீழ இருக்கற எடம் பூரா நம்ம கைக்குள்ள வந்துடும். அதான் கமாண்ட்” என்றார். ‘குழிகள் முழுவதும் குண்டுவீச்சுக்குள் அகப்படும்படி’ என்று திருத்தினேன்.

சொல் சரியாக இருந்து தொனி தலைகீழாகும் ஆபத்தும் உண்டு. முதல் பத்தியிலேயே செவ்வாய்க்காரர்களின் மூளைக்கு ‘கூல்’ என்றொரு அடைமொழி வருகிறது. ஆங்கிலத்தில் அது முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கும் சொல். நமக்கோ கண் குளிர்கிறது, வயிறு குளிர்கிறது, அம்மன் குளிர்ந்தால் ஊருக்கு நல்லது. வெயிலில் வெந்த மொழியில் குளிர்ச்சி ஓர் ஆசீர்வாதம். ‘குளிர்ந்த அறிவு’ என்று எழுதினால் வருகிறவர்கள் நமக்கு அருள்பாலிக்க வருவதாகத் தோன்றும். ‘ஈரமற்ற’ என்று எழுதினேன். குளிரைத் தமிழில் சொல்ல வறட்சியிடம் போக வேண்டியிருந்தது.

செவ்வாய்க் கலம் வந்து விழும் ‘காமன்’ என்பதற்கு மேய்க்கால் புறம்போக்கு என்றே போட்டேன். நண்பர் ஒருவர் முகம் சுளித்தார்: அம்பத்தூர் வாடை அடிக்கிறதாம். ஆரணி குப்புசாமி முதலியார் காலத்தில் இங்கிலீஷ் நாவலின் ஊரையும் பேரையும் மாற்றி இங்கே குடியேற்றினார்கள். அந்தத் தழுவல் வழிக்கு நான் திரும்புவதாகக் குற்றச்சாட்டு. நான் ஊரை மாற்றவில்லை. ஹார்செல் ஹார்செலாகவே இருக்கிறது. ஆனால் யாருக்கும் தனிச்சொத்தாக இல்லாத, மாடு மேய்கிற, பையன்கள் விளையாடுகிற நிலத்திற்குத் தமிழில் உயிருள்ள சொல் அதுதான். ‘பொதுவெளி’ என்ற சொல்லில் புல் முளைக்காது.

இத்தனைக்கும் பிறகு என்னை நிறுத்திவிட்டது இரண்டெழுத்துச் சொல்: ‘வி’.

முதல் அத்தியாயத்திலேயே கதை சொல்பவன் வாசகனை எச்சரிக்கிறான். செவ்வாய்க்காரர்களைக் கொடியவர்கள் என்று தீர்ப்புச் சொல்லுமுன், நம் இனமே என்ன செய்திருக்கிறது என்று நினைத்துப்பார்க்க வேண்டும். டாஸ்மேனியர்களை ஐரோப்பியக் குடியேறிகள் ஐம்பது வருஷத்தில் அழித்தார்களே என்கிறான். (முற்றாக அழித்ததாக வெல்ஸ் சொல்வது சரியல்ல, அந்த மக்களின் வழிவந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.) பிறகு, இப்படிப்பட்ட நமக்குக் குறை சொல்லத் தகுதி உண்டா என்று கேட்கிறான். இந்தப் பத்தியில் ‘வி’ மனிதகுலத்தில் தொடங்கி, ஐரோப்பியனிடம் வழுக்கி, மறுபடி மனிதகுலத்தில் ஏறிக்கொள்கிறது. ஆங்கிலம் இந்த வழுக்கலை மறைத்துவிடும். தமிழ் விடாது. நாமா, நாங்களா என்று கேட்டு நிற்கும்.

முதலில் ‘நாங்கள்’ என்றே எழுதினேன். 1897, விக்டோரியா ராணியின் வைர விழா வருஷம். மதராஸ்வாசி அப்போது அந்த ‘வி’யில் இல்லை, அதன் கீழே இருந்தான். ‘நாங்கள்’ என்றால் ஒரு வெள்ளைக்காரன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான்; தமிழ் வாசகன் கேட்டுக்கொண்டு நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறான். சரித்திரப்படி நியாயம். இலக்கணப்படியும் நியாயம்.

சில நாட்கள் கழித்துப் படித்தபோது அந்தப் பத்தி செத்துக் கிடந்தது. எந்த வாசகனையும் சௌகரியமாக உட்காரவைக்க அது எழுதப்படவில்லை. தன் தெருவையே எரித்துக் காட்டியவன், தான் மட்டும் தப்பிக்கும்படி ‘வி’யைப் போட்டிருக்க மாட்டான். அதைப் படிக்கிற நானும் தப்பிக்க அவன் இடம் வைத்திருக்க மாட்டான்.

அந்தச் சமயத்தில் வேறு காரியமாக என் மனையின் தாய்ப்பத்திரத்தை எடுக்க நேர்ந்தது. நிலம் நஞ்சை, ஏரிப் பாசனம் என்று எழுதியிருக்கிறது. விற்றவர் பெயர் உண்டு, வாங்கியவர் பெயர் உண்டு. அதில் நாற்று நட்டவர்கள் பெயர் இல்லை. அவர்கள் எங்கே போனார்கள் என்பதும் இல்லை. ஏரித் தண்ணீர் இப்போது மழைக்காலத்தில் மட்டும் தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு எங்கள் தெருவுக்குள் வருகிறது. இதை டாஸ்மேனியப் படுகொலையோடு சேர்த்து எடைபோடும் அசட்டுத்தனம் எனக்கு இல்லை. ஆனால் இன்னொருவரின் இடத்தை வெற்றிடம் என்று பார்க்கத் தெரிந்த கண் ஐரோப்பியனுக்கு மட்டும் வாய்த்ததல்ல. அந்தக் கண்ணைப் பற்றியதுதான் நாவல்.

ஆகவே பத்தி முழுவதும் ‘நாம்’ என்று மாற்றினேன். டாஸ்மேனிய வாக்கியத்தில் மட்டும் வெல்ஸ் எழுதியபடியே ‘ஐரோப்பியக் குடியேறிகள்’ நிற்கிறார்கள். அவர்கள் குற்றத்தை நான் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் உபயோகித்த ‘தாழ்ந்த இனங்கள்’ என்ற சொல்லையும் மெழுகவில்லை. அது அந்தக் காலத்தின் நாற்றம், இருக்கட்டும். அதை அடுத்து வரும் கேள்வியில் தமிழ் வாசகன் தன்னையும் காண்பான். கோபப்படலாம், நம்மை ஏன் இழுத்தாய் என்று கேட்கலாம். ‘நாங்கள்’ என்று எழுதியிருந்தால் அவனுக்கு அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.