தளபதியைப் பேசினோம், கொள்கையை விட்டோம்

2021 டிசம்பர் 8, புதன்கிழமை. கொரோனா காலம், வீட்டிலிருந்தே வேலை. பொன்னேரி வீட்டு மாடியில் உட்கார்ந்து ஒரு மீட்டிங்கில் இருந்தேன். பள்ளி நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்து விழுந்தது: "குன்னூர்ல மிலிட்டரி ஹெலிகாப்டர் விழுந்துருச்சாம். உள்ள பிபின் ராவத்." சாயங்காலத்துக்குள் அது விபத்தே இல்லை என்று ஆகிவிட்டது. சீனா என்றான் ஒருவன். உள்ளூர் சதி என்றான் இன்னொருவன். பனிமூட்டத்துக்குள் ஹெலிகாப்டர் மறையும் அந்த மொபைல் வீடியோவை நிறுத்தி நிறுத்தி ஆராய்ந்தார்கள்.

அதில் ஒரு மெசேஜை நானும் இன்னொரு குழுவுக்குத் தள்ளிவிட்டேன். இதை ஒத்துக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும். இருபது வருடமாக சாஃப்ட்வேர் வேலை. சர்வர் விழுந்தால் முதலில் லாகைப் பாருங்கள், அப்புறம் வாயைத் திறங்கள் என்று ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆள் நான். அன்றைக்கு லாக் எதுவும் பார்க்காமல் ஃபார்வர்ட் செய்தேன்.

அந்த வெட்கத்தில்தான் ஜெனரல் ராவத் பற்றி 2016 முதல் வந்த செய்திகளையும் கட்டுரைகளையும் விவாதங்களையும் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்து முடித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அவரைப் புகழ்ந்தவர்களும் திட்டியவர்களும் ஒரே தப்பைத்தான் செய்திருக்கிறார்கள். இரண்டு தரப்புமே மனிதரைப் பேசியது. அவர் கையெழுத்துக்கு மேலும் கீழும் இருந்த கொள்கையைப் பேசவில்லை.

ஜீப்பும் ஜெனரலும்

2016 டிசம்பரில் அவரை ராணுவத் தலைமைத் தளபதியாக அறிவித்தபோதே சர்ச்சை தொடங்கிவிட்டது. பணி மூப்பில் அவருக்கு முன்னால் இருந்தவர்கள் இரண்டு பேர்: பிரவீன் பக்ஷி, பி.எம்.ஹாரிஸ். இதற்கு முன் 1983இல் எஸ்.கே.சின்ஹாவைத் தாண்டி ஏ.எஸ்.வைத்யாவை இந்திரா காந்தி அரசு நியமித்திருந்தது. மூப்பு என்பது மரபுதான், சட்டம் இல்லை. அப்படியானால் மரபை எப்போது மீறலாம், எந்த அளவுகோலின்படி என்று அரசிடம் கேட்டிருக்க வேண்டும். பெரும்பாலான விவாதம் 'இவர் யாருடைய ஆள்' என்பதோடு முடிந்துபோனது.

அடுத்தது 2017 ஏப்ரல். ஸ்ரீநகர் இடைத்தேர்தல் நாளில் ஒரு நெசவாளரை ராணுவ ஜீப்பின் முன்னால் கட்டி ஊர் ஊராகக் கொண்டுபோன சம்பவம். அதைச் செய்த மேஜருக்குத் தளபதியின் பாராட்டுச் சான்று கிடைத்தது. ராவத் அதை வெளிப்படையாக ஆதரித்துப் பேட்டியும் கொடுத்தார். கல்லெறிகிறவர்கள் அதற்குப் பதில் துப்பாக்கியால் சுட்டால் எங்களுக்கு வேலை சுலபம் என்ற பொருளில் அவர் சொன்னது அப்போதுதான். வரலாற்று ஆய்வாளர் பார்த்தா சாட்டர்ஜி ஜாலியன்வாலாபாக் ஜெனரல் டயரை நினைவூட்டி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு காங்கிரஸ் தலைவர் ராவத்தைத் தெரு ரவுடியோடு ஒப்பிட்டுவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டார். அவ்வளவுதான், விவாதம் திசை மாறிவிட்டது. ராவத்தா டயரா, சாட்டர்ஜி தேசத்துரோகியா என்று நாள் கணக்கில் ஓடியது.

ஜீப்பில் கட்டப்பட்டவர் அன்றைக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வந்ததாகச் சொன்னவர். மாநில மனித உரிமை ஆணையம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. மாநில அரசு மறுத்தது. இந்த இரண்டு வரியை எத்தனை பேர் விவாதத்தில் கேட்டிருப்போம்? கூட்டத்தைச் சமாளிக்க ஒரு குடிமகனைக் கேடயமாகப் பிடிக்கலாமா, கூடாதா? இதற்கு எழுத்தில் விதி உண்டா? அதை யாரும் நிறுத்திக் கேட்கவில்லை.

விதி 21

அவர் பேசியதை விமர்சித்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. சீருடையில் இருக்கும் தளபதி அரசியல் பேசுவது சின்ன விஷயம் கிடையாது. 2019 டிசம்பர் 26 அன்று, குடியுரிமைச் சட்டத்துக்கு எதிரான போராட்டங்கள் உச்சத்தில் இருந்தபோது, கூட்டத்தைத் தீவைப்புக்கும் வன்முறைக்கும் அழைத்துப் போவது தலைமைப் பண்பு இல்லை என்று ஒரு மேடையில் பேசினார். பெரிய கொந்தளிப்பு.

ராணுவ விதிகள் 1954இல் விதி 21 என்று ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல், அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட யாரும் அரசியல் விஷயங்களைப் பத்திரிகைகளிடம் பேசக்கூடாது. இதைச் சில கட்டுரைகள் எடுத்துக்காட்டின, நல்லது. ஆனால் விதியை ஒழுங்காகப் படித்தால் கேள்வி ராவத்தோடு நிற்காது. அனுமதி கொடுக்கப்பட்டதா? கொடுக்கவில்லை என்றால் அரசு விளக்கம் கேட்டதா? பதில் நான்கே நாளில் வந்துவிட்டது. டிசம்பர் 30 அன்று நாட்டின் முதல் முப்படைத் தலைமைத் தளபதியாக அவரை அரசு அறிவித்தது. அதற்கு முன்பே, அந்தப் பதவியில் இருப்பவர் 65 வயது வரை நீடிக்கலாம் என்று விதியும் திருத்தப்பட்டிருந்தது. கேட்க வேண்டிய இடம் தளபதியின் மேடை அல்ல, அமைச்சரவை மேசை. நாம் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கட்டளை இல்லாத தளபதி

பேரைக் கேட்டால் முப்படையும் இவர் சொல்படி நடக்கும் என்று தோன்றும். பல செய்திகள் அப்படித்தான் எழுதின. 2019 டிசம்பர் 24 அன்று வந்த அமைச்சரவை முடிவின் செய்திக்குறிப்பு வேறு கதை சொல்கிறது. முப்படைத் தலைமைத் தளபதிக்குப் படைகள் மீது கட்டளை அதிகாரம் கிடையாது. மூன்று தளபதிகள் மீதும் கிடையாது. அவர் பாதுகாப்பு அமைச்சரின் முதன்மை ராணுவ ஆலோசகர். புதிதாக உருவாக்கிய ராணுவ விவகாரங்கள் துறையின் தலைவர், அதாவது நடைமுறையில் ஒரு செயலாளர். கூடவே ஒரு கெடு: மூன்று ஆண்டுக்குள் முப்படைகளின் செயல்பாட்டை ஒருங்கிணைக்க வேண்டும்.

நம்மிடம் தரைப்படைக்கு 7, விமானப்படைக்கு 7, கடற்படைக்கு 3 என்று 17 தனித்தனிக் கட்டளையகங்கள் இருக்கின்றன. இவற்றை எல்லைவாரியாகச் சேர்த்து, ஒரு எல்லைக்கு ஒரே தளபதி என்று கொண்டுவருவதுதான் தியேட்டர் கமாண்ட். (இதைச் சொன்னபோது எங்கள் குழுவில் ஒருவன், "எந்த தியேட்டர்டா?" என்றான். சினிமா தியேட்டர் இல்லை, போர்க்களம்.) விமானப்படைக்கு இதில் நியாயமான தயக்கம் இருந்தது. இருக்கும் விமானங்கள் குறைவு, அவற்றைப் பல தளபதிகளுக்குப் பங்கு பிரித்தால் அவசரத்துக்கு ஒரு இடத்தில் குவிக்க முடியாது என்பது அவர்கள் வாதம்.

2021 ஜூலையில் ராவத், பீரங்கிப் படை, பொறியாளர் படை மாதிரி விமானப்படையும் ஒரு துணைப்படைதான் என்று பேசிவிட்டார். அப்போதைய விமானப்படைத் தளபதி பதௌரியா, வான்சக்தியின் பங்கு வெறும் துணை மட்டும் அல்ல என்று அன்றைக்கே பதில் சொன்னார். இந்திய ராணுவ அமைப்பின் மிக முக்கியமான வாதம் பொதுவெளிக்கு வந்த நாள் அது. 'தளபதிகள் மோதல்' என்று தலைப்புப் போட்டு இரண்டு நாளில் முடித்துவிட்டோம். கெடு முடிந்து ரொம்ப நாள் ஆகியும் தியேட்டர் கமாண்ட் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. ஏன் தாமதம் என்று விவாதம் வைத்தவர்கள் சொற்பம்.

பூ மழைக்குப் பிறகு

விபத்துக்கு மறுநாள் வெலிங்டனிலிருந்து சூலூர் போகும் வழியெல்லாம் மக்கள் நின்று ஆம்புலன்ஸ்கள் மேல் பூப் போட்டார்கள். அது உண்மையான துக்கம், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நஞ்சப்பசத்திரம் மக்கள் தீயை அணைக்கத் தண்ணீரும், உடல்களைத் தூக்கக் கம்பளிகளும் கொண்டு ஓடியது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம்.

ஊடகங்கள் அந்தத் துக்கத்தை ஒரு பூட்டாக மாற்றியதில்தான் குறை. நேற்று வரை சர்ச்சை நாயகர், இன்று முதல் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவர். ஒரு ட்வீட்டுக்காகத் தமிழ்நாட்டில் ஒரு யூடியூபர் கைதானார். சில நாளிலேயே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த வழக்கை ரத்து செய்தது. எந்தப் பக்கத்து ஆள் என்பதை வைத்துத்தான் அதையும் பேசினோம்.

இவ்வளவு முக்கியம் என்று கொண்டாடிய பதவி அதன்பின் ஏறக்குறைய பத்து மாதம் காலியாகவே கிடந்தது. 2022 செப்டம்பர் 30 அன்றுதான் அனில் சௌஹான் பொறுப்பேற்றார். அந்தப் பத்து மாதத்தில் எத்தனை பிரைம் டைம் விவாதம் பார்த்தீர்கள்?

விபத்து விசாரணையின் முதல் முடிவு 2022 ஜனவரியில் வந்தது. நாசவேலை இல்லை, இயந்திரக் கோளாறு இல்லை, அலட்சியம் இல்லை. திடீரென மாறிய வானிலையில் மேகத்துக்குள் நுழைந்ததால் விமானிக்கு திசை, உயர உணர்வு தடுமாறியது. 2024 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையின் விபத்துப் பட்டியலில் இந்த விபத்துக்கு நேராகக் காரணம்: மனிதத் தவறு, விமானக் குழு. ஒரே ஒரு வரி. நான் ஃபார்வர்ட் செய்த மெசேஜ் ஒரு பக்கம் இருந்தது.

எதிர் வீட்டுப் பையன்

இதெல்லாம் டெல்லி சமாச்சாரம், பொன்னேரிக்கு என்ன என்று கேட்கலாம். எங்கள் எதிர் வீட்டுப் பையன் பிளஸ் டூ முடித்ததிலிருந்து ராணுவத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தான். விடிகாலை நான் முதல் டிரெயினுக்குக் கிளம்பும்போது அவன் மைதானத்தில் ஓடி முடித்துத் திரும்புவான். கொரோனாவால் இரண்டு வருடம் ஆள்சேர்ப்பு முகாம் இல்லை. 2022 ஜூன் 14 அன்று அக்னிபத் அறிவிப்பு வந்தது. அன்று ராத்திரி வந்து கதவைத் தட்டினான்.

"அங்கிள், ரெண்டு மணி நேரம் டிவி பார்த்தேன். ராவத் இருந்திருந்தா இப்படி, அப்படின்னு பேசறாங்க. நாலு வருஷம் கழிச்சு வெளிய வர்றவனுக்கு பென்ஷன் உண்டா இல்லையான்னு யாருமே சொல்லல."

உட்கார்ந்து அரசுக் குறிப்பைப் படித்தோம். பென்ஷன் இல்லை. முதல் வருடச் சம்பளம் 30,000. அதில் 30 சதவீதம் பிடித்தம் போகக் கைக்கு 21,000. நான்கு வருடம் முடிந்து வெளியே வரும்போது 11.71 லட்சம். அதில் கிட்டத்தட்ட பாதி அவனிடம் பிடித்த பணமும் அதன் வட்டியும்தான். நூறு பேரில் அதிகபட்சம் 25 பேருக்குத்தான் தொடர்ந்து வேலை. பேப்பரில் கூட்டிக் கழித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். அவன் அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பல வருடமாக காண்ட்ராக்ட் தொழிலாளி.

"அப்போ இதுவும் காண்ட்ராக்ட்தானா அங்கிள்?"

நான் சட்டென்று பதில் சொல்லவில்லை. ஏனென்றால் மறுபக்கமும் கணக்கு இருக்கிறது. 2022-23 பாதுகாப்பு பட்ஜெட் 5.25 லட்சம் கோடி. அதில் பென்ஷன் மட்டும் 1.19 லட்சம் கோடிக்கு மேல், ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டுகிறது. ராவத்தின் துறை 2020 அக்டோபரிலேயே இதைத் தொட்டது. 20 முதல் 25 வருடச் சேவையில் விருப்ப ஓய்வு பெறுகிறவர்களுக்குப் பாதி பென்ஷன்தான், முழு பென்ஷன் வேண்டுமானால் 35 வருடத்துக்கு மேல் என்று ஒரு வரைவு. முன்னாள் வீரர்கள் கொதித்தார்கள், அது நடைமுறைக்கு வரவில்லை. அவர் சொன்ன தீர்வு சரியில்லை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் சொன்ன பிரச்சினை நிஜம். அன்றைக்கே பென்ஷன் சுமையை யார் தாங்குவது என்று நாடு உட்கார்ந்து பேசியிருந்தால், 2022இல் எதிர் வீட்டுப் பையன் ஒரே ராத்திரியில் தெரிந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

அவன் மட்டும் இல்லை. முன்னாள் ராணுவத் தளபதி நரவணேயின், அப்போது வெளிவராத நினைவுக்குறிப்பிலிருந்து செய்தி நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட பகுதிகளின்படி, ராணுவம் முக்கால்வாசிப் பேரைத் தக்கவைக்கலாம் என்று நினைத்தது. இந்தத் திட்டம் கடற்படைக்கும் விமானப்படைக்கும் எதிர்பாராத அதிர்ச்சியாக இருந்தது. தளபதிகளுக்கே அப்படி என்றால், முடிவு எங்கே எடுக்கப்பட்டது? ராவத்தை வில்லனாக வைத்தாலும் ஹீரோவாக வைத்தாலும் இந்தக் கேள்வி மட்டும் திரைக்குப் பின்னால் போய்விடுகிறது. முடிவெடுத்தவர்களுக்கு இதைவிட வசதி வேறென்ன?

பையன் யோசித்து, சேர்ந்துவிட்டான். முதல் பேட்ச். எந்தப் பிரிவு, எந்த ஊர் என்று எழுத மாட்டேன். முதல் பேட்ச்சுக்கு 2026 முடிகிற வாக்கில் நான்கு வருடம் நிறைவடையும். நூற்றில் 25க்குள் வருவானா, பையோடு பொன்னேரி ஸ்டேஷனில் இறங்குவானா, தெரியாது. அந்தச் சமயத்தில் டிவியில் மறுபடி விவாதம் வைப்பார்கள். எந்தத் தளபதி எந்தக் கட்சிக்கு நெருக்கம் என்று யாராவது ஆரம்பித்தால், நான் சேனலை மாற்றிவிட்டு அந்தக் கணக்குப் பேப்பரை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போகப்போகிறேன்.