ஒரு வீடு, இரண்டு ஆய்வு மாணவர்கள்

ஹாக்கிங் பற்றிய 'தி தியரி ஆஃப் எவ்ரிதிங்' (2014) மோசமான படம் இல்லை. எடி ரெட்மெய்ன் அந்தக் கழுத்தையும் விரல்களையும் மெல்ல மெல்ல மடங்கவிட்டு நடித்ததற்கு ஆஸ்கர் கொடுத்தது சரிதான். என் வழக்கு வேற. 1963ல், 21 வயதில் நோய் தெரியவந்த ஒரு கேம்பிரிட்ஜ் மாணவர் 1966ல் முனைவர் பட்டம் வாங்கிட்டார். நடுவில் இருந்த அந்த மூணு வருஷத்தை எது நகர்த்துச்சு? காதலும் மேதைமையும்னு படம் சொல்லுது. ஹாக்கிங்கும் ஜேனும் எழுதின நினைவுகளைப் படிச்சா வேற மாதிரி தெரியுது.

கான்வில் அண்ட் கீஸ் கல்லூரியின் ஆய்வு நல்கைக்கு விண்ணப்பிக்கணும். ஹாக்கிங்கால் ஒழுங்கா எழுத முடியாது. ஜேன் வந்து தட்டச்சு செய்வார்னு காத்திருந்தார். ஜேன் வந்தப்போ கையில் மாவுக்கட்டு! நல்லவேளை, உடைஞ்சது இடது கை. ஹாக்கிங் சொல்லச் சொல்ல ஜேன் வலது கையால் எழுதி, வேறொருவர் தட்டச்சு செய்து, விண்ணப்பம் போச்சு. எங்க தொழில்ல இதை 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்'னு சொல்வோம். ஒரு ஆளுக்கு ஒரு எலும்பு முறிஞ்சா மொத்த ஏற்பாடும் நின்னுடும். அந்த ஆள் அப்போ லண்டனில் படிச்சிட்டிருந்த ஒரு இளங்கலை மாணவி.

நல்கை கிடைச்சது, 1965ல் கல்யாணமும் ஆச்சு. அதிக தூரம் நடக்க முடியாதவருக்குத் துறைக்குப் பக்கத்தில் வீடு வேணும். ஆய்வாளர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பது எங்கள் கொள்கை இல்லைன்னுட்டார் கல்லூரிப் பொருளாளர். சில நாளைக்கு விடுதி அறையாவது கேட்டாங்க. வாடகை இரவுக்கு 12 ஷில்லிங் 6 பென்ஸ், ஆனா நீங்க ரெண்டு பேர், அதனால 25 ஷில்லிங்! ஒரே அறைக்குங்க. கடைசியில் லிட்டில் செயின்ட் மேரிஸ் லேனில், துறையிலிருந்து சுமார் நூறு கஜ தூரத்தில், வீடு கிடைச்சது அதிர்ஷ்டம்தான்.

இந்தப் பொருளாளர் படத்தில் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய குறை. படத்தில் ஹாக்கிங் மாடிப்படியில் தவழ்ந்து ஏற, மேலேயிருந்து குழந்தை பார்த்துக்கிட்டிருக்கும். கண் கலங்க வைக்கிற காட்சி. ஆனா எதிரி நோய் மட்டும்தான்னு அது நம்மை நம்ப வைக்குது. படிக்கட்டு உள்ள வீட்டில் அவர் ஏன் இருந்தார்னு யாரும் கேட்கறதில்லை.

வழிகாட்டி டென்னிஸ் சியாமா விஷயம் கொஞ்சம் சிக்கலானது. ஹாக்கிங்கின் அப்பா அவரைப் போய்ப் பார்த்து, பையன் எவ்வளவு நாள் இருப்பானோ, சீக்கிரம் பட்டம் முடிக்க வழி உண்டான்னு கேட்டார். முடியாதுன்னுட்டார் சியாமா. பொருளாளரும் விதியைத்தான் காட்டினார், சியாமாவும் விதியைத்தான் காட்டினார். ரெண்டும் ஒண்ணான்னு கேட்டா, இல்லைன்னுதான் நான் சொல்வேன். பட்டத்தின் தரத்தில் சலுகை கொடுக்காம இருப்பது அந்த மாணவனை ஆய்வாளனா மதிக்கிறது. வீடு கொடுக்காம இருப்பது ஆய்வு செய்யவே விடாம பண்றது. (அந்த ஆய்வேட்டின் முதல் அத்தியாயம் ஹாய்ல்–நார்லிகர் கோட்பாட்டை விமர்சிக்குது. 2017 அக்டோபரில் பல்கலைக்கழகம் அதை இணையத்தில் திறந்துவிட, கூட்டம் தாங்காம தளமே படுத்துடுச்சு.)

1970களில் ஹாக்கிங்கின் ஆய்வு மாணவர்களே அந்தக் குடும்பத்தோட தங்கினாங்க. தங்க இடம் இலவசம், பேராசிரியரின் நேரம் தாராளம். பதிலுக்கு அவரை எழுப்பணும், படுக்க வைக்கணும். 1980ல்தான் செவிலியர்கள் காலையும் மாலையும் ஓரிரு மணி நேரம் வர ஆரம்பிச்சாங்க. அதுவரைக்கும் உதவின்னு இருந்தது மனைவியும் மாணவர்களும்தான்.

சரி, அந்த மனைவி? ஜேனும் ஆய்வு மாணவிதான். இடைக்கால ஸ்பானியக் கவிதையில் 1960களிலேயே முனைவர் ஆய்வைத் தொடங்கினவர், மூணு குழந்தைகளையும் கணவரையும் பார்த்துக்கிட்டு 1981ல்தான் பட்டம் வாங்கினார். அப்பவும் அவர் ஹாக்கிங்கின் மனைவியா அதே குடும்பத்தில்தான் இருந்தார். படம் இதை முடிவில் வரும் எழுத்துகளில் ஒரு வரியா போடுது, அதுவும் ஜோனதனோட நடந்த மறுமணத்துக்குப் பக்கத்திலேயே. பிரிஞ்ச பிறகுதான் ஜேனுக்குப் படிக்க நேரம் கிடைச்சதுன்னு நினைச்சுக்கிட்டே ஜனங்க தியேட்டரை விட்டு வெளியே வந்திருப்பாங்க.