முசிறித் துறையும் செலவழுங்கிய நெஞ்சும்

கடல் கடந்தேனும் பொருள் ஈட்டுக என்பது ஔவையார் பெயரால் வழங்கும் அறவுரை. அயல்நாடு செல்லும் இளைஞரை வாழ்த்த எழுவோர் பெரும்பாலும் அதனையே முதலில் எடுத்தாள்வர். அதனை அடுத்து யவனர் மரக்கலம் வந்து சேரும். பொன்னோடு வந்து மிளகோடு மீண்ட அக்கலங்களைக் கூறும் அகநானூற்றுப் பாடல், தமிழர்தம் கடல் வாணிகப் பெருமைக்குச் சான்றாகக் காட்டப்பெறும். மிளகு வாணிகத்தால் பெயர்பெற்ற மட்டாஞ்சேரித் தெருக்களில் வாழும் நமக்கு, அப்பாடல் நம் அண்டை வீட்டுச் செய்தி போலவே தோன்றும். முசிறித் துறை நமக்கு வடக்கே, கொடுங்கல்லூரை அடுத்து இருந்ததன்றோ? 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் எழுந்த வெள்ளம் அத்துறையைத் தூர்த்துக் கொச்சித் துறைக்கு வழி திறந்தது என்பர்.

ஆயினும் அப்பாடலை முதலிலிருந்து முடிவுவரை படித்தோர் நம்முள் எத்துணையர்? வாணிகச் செய்தி கூறும் சில அடிகளை மட்டும் கொய்துகொண்டு எஞ்சியதை விட்டுவிடுகின்றோம். விடப்பட்ட பகுதியிலேதான் நம் வீட்டு இளைஞனின் உள்ளம் இருக்கின்றது என்பதே யாம் ஈண்டுக் கூற விழைவது.

எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடிய அச்செய்யுள் அகநானூற்றின் 149-ஆம் பாடல். பாலைத் திணையைச் சார்ந்தது. பொருள் தேடப் பிரிய எண்ணிய தலைவன், தன் நெஞ்சிற்கு மறுப்புரைத்துச் செலவினை நிறுத்தும் துறையில் அமைந்தது. யவனர் கலங்களைப் பாடும் வாய், ‘யான் வாரேன்’ என்று கூறும் வாயாகும்! அயல்நாட்டுச் செல்வத்தின் வரவைக் கூறுபவன், அயலிடம் செல்ல மறுப்பவனாக இருக்கின்றான்.

பாடலின் நடையை நோக்குவோம். சிறிய கறையான்கள் நெடிது முயன்று எழுப்பிய செம்புற்றைக் கரடிகள் அகழ்கின்றன. அவ்விரை வெறுத்தபின் இருப்பைப் பூவைக் கவர்கின்றன. அத்தகைய காட்டுவழி சென்று பெறற்கரிய பொருளை எளிதிற் பெறுவதாயினும் வரமாட்டேன் என்கின்றான் தலைவன். அதன்பின் சேரரது சுள்ளியாற்றுத் துறையும், யவனர் நன்கலமும், முசிறியை முற்றுகையிட்டு வென்ற செழியனும் வருகின்றனர். செழியனைத் தொடர்ந்து அவனது கூடல், கூடலின் மேற்கே முருகன் உறையும் பரங்குன்றம், அக்குன்றத்துச் சுனை, சுனையில் மலர்ந்த நீலம், அந்நீலத்தை ஒத்த தலைவியின் கண்கள். அக்கண்களில் நீர் துளிக்குமாறு வாரேன் என்பதே முடிபு.

மரக்கலங்கள் நிறைந்த ஒரு பேராறும், வாணிகம் செழித்த ஒரு துறைமுகமும், ஒரு வேந்தன் வெற்றியும் வரிசையாக வந்து, இறுதியில் ஒரு பெண்ணின் ஈரக் கண்களுக்கு அடைமொழியாகி அடங்குகின்றன. உலகத்தின் செல்வம் அனைத்தையும் ஒரு தட்டில் வைத்து, வீட்டில் இருப்பவளின் கண்ணீரை மறுதட்டில் வைத்து நிறுத்துப் பார்க்கின்றார் புலவர். புற்றும் கரடியும் வாளா வந்தனவல்ல. சிற்றுயிர்கள் சேர்த்ததைப் பேருயிர் கவரும் அக்காட்சி, ஈட்டிய பொருளின் நிலையாமையைச் சொல்லாமற் சொல்கின்றது என்று கொள்வதே பொருத்தம்.

பட்டினப்பாலையும் இவ்வாறே அமைந்துள்ளது. 301 அடிகளுள் பெரும்பகுதி காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்திற்கும் கரிகாலன் பெருமைக்கும் உரியது. எனினும், அப்பட்டினமே கிடைப்பினும் இவளைப் பிரிந்து வாரேன் என்று நெஞ்சிற்குக் கூறுபவன் கூற்றாகவே கடியலூர் உருத்திரங்கண்ணனார் அந்நூலை யாத்தார். இருபெரும் துறைமுகங்களின் சிறப்பைப் பழந்தமிழர் செலவழுங்கிய இளைஞர் வாயில் வைத்துப் பாடினர் என்பது எண்ணத்தக்கது.

அவ்வாறாயின் நம் முன்னோர் பயணத்தை விலக்கினரோ எனின், விலக்கிலர். தொல்காப்பியர் கற்பியலில் இதற்கு விடை தருகின்றார். செலவின் இடையே தயங்கி நிற்றல் செல்லாமையன்று; தலைவியைத் தேற்றி வற்புறுத்தற்பொருட்டு நிகழும் தவிர்ச்சியே அது என்பது அவர் கருத்து. புறப்படுமுன் ஒருவன் நின்று, தன் செலவால் இல்லத்தில் நேரும் இழப்பு யாது என வாய்விட்டுக் கூற வேண்டும், கூறியபின் செல்லலாம். இஃது இலக்கண விதி மட்டுமன்று. இல்லறத்தின் விதியும் ஆகும்.

நம் இல்லங்களில் இவ்விதி எந்நிலையில் உள்ளது? கடவுச்சீட்டும் விசாவும் வந்த நாள்முதல் பேச்சு முழுதும் ஊதியம், பெட்டியின் எடை, விமானச் சீட்டு என்பனவற்றைப் பற்றியதாகின்றது. தயக்கத்தை வெளியிடும் பிள்ளையைக் கோழை என்கின்றோம். நாமும் தமிழ்நாட்டினின்று பெயர்ந்து இங்கு வந்தவர்களே. தந்தைக்கு ஊர் என்பது நெல்லையிலோ மதுரையிலோ உள்ள ஒரு சிற்றூர். மகனுக்கு ஊர் மட்டாஞ்சேரி. அவன் உழைக்குமிடம் துபாயாகவோ தோகாவாகவோ இருக்கும். விடுமுறையில் அவன் வரும்போது முதல் வாரம் விருந்தினன். இரண்டாம் வாரம் வீட்டுப் பழுதுகளுக்குப் பணம் தருபவன். மூன்றாம் வாரத்திலிருந்து அவன் திரும்பும் நாளை எல்லாரும் எண்ணத் தொடங்குகின்றனர். ‘மறுபடி எப்பொழுது?’ என்னும் வினா, அவன் வரும்பொழுதே வாயிலில் நிற்கின்றது.

இந்நிலையைப் பாட நம் மரபில் துறை உண்டா? பிரிவுக்குப் பாலை உண்டு. காத்திருத்தலுக்கும் மீளும் தேருக்கும் முல்லை உண்டு. தேர் வந்து நின்றபின் நாற்பதாம் நாளில் அவ்வீட்டில் நிலவும் மௌனத்திற்குத் தனித் துறை இல்லை. பிற்கால உரைநடையிலும் இக்குறை நீங்கவில்லை. இளமையில் மேடான் சென்று 1946-இல் தாயகம் மீண்ட ப. சிங்காரம், ‘புயலிலே ஒரு தோணி’ என்னும் நாவலை எழுதினார். அது 1972-இல் வெளிவந்தது. அதன் தலைவன் பாண்டியன் அயல்மண்ணில் நின்று மதுரைத் தெருக்களையும் சின்னமங்கலத்துச் சந்தையையும் நினைவில் நடந்து காண்கின்றான். ஊர் திரும்பாமலே மடிகின்றான். நாடு மீண்ட ஆசிரியர், தம் தலைவனை மீளவிடவில்லை! நம் அண்டை மொழியில் 2008-இல் வெளிவந்த பென்யாமினின் ‘ஆடுஜீவிதம்’ பாலைநிலத்தில் ஆடு மேய்த்த நஜீபின் துயரை நெஞ்சுருகக் கூறுகின்றது. எனினும் அவன் ஊர் திரும்பும் வேளையோடு நின்றுவிடுகின்றது. இவை அந்நூல்களுக்குக் குறையாகா. வீடு திரும்பியவனின் கதை எழுதப்படக் காத்திருக்கின்றது என்பதற்கே இவற்றைக் காட்டினோம்.

போக்கும் வரவும் யாது செய்யும் என்பதற்கு நம் தெருவே சான்று. 1568-இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக் கூடம் இன்றும் நிற்கின்றது. இஸ்ரேல் நாடு தோன்றிய 1948-ஐ அடுத்த ஆண்டுகளில் கொச்சி யூதருட் பெரும்பாலோர் அங்குச் சென்றனர். காண வருவோர் மிகுந்தனர். அங்குத் தொழுவோர் அருகினர். ஆயினும் அவர்தம் மகளிர் ஒரு செல்வத்தை உடன் கொண்டு சென்றனர். தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்த மலையாளப் பாடல்களைக் கையெழுத்துக் குறிப்பேடுகளில் எழுதிக் காத்தனர். 1951-இல் இஸ்ரேல் சென்ற ரூபி டேனியல், அப்பாடல்கள் பலவற்றை மொழிபெயர்த்தார். தம் கொச்சி வாழ்வை நினைவு நூலாகவும் 1995-இல் வெளியிட்டார். கணக்கேட்டினும் பாட்டேடு நெடுந்தொலைவு செல்லும் என்பதை அவர்களிடம் கற்கின்றோம்.

ஆதலின், நம் பிள்ளைகளுக்கு அகநானூற்றுப் பாடலை முழுதாகவே கொடுப்போம். பொன்னையும் மிளகையும் மட்டும் காட்டி வழியனுப்புதல் அப்புலவருக்கும் நீதியாகாது, செல்பவனுக்கும் துணையாகாது. அயல்நாடு செல்பவன் செல்க; செல்லுமுன் ஒரு மாலையேனும் அவனைத் தயங்க விடுவோம். அவன் மீண்டு வரும்போது, கொண்டுவந்தது யாது எனக் கேட்கும் முன், இங்கு அவன் இழந்தது யாது எனக் கேட்போம். அவ்வினாவிற்கு அவன் கூறும் விடையே நம் இலக்கியத்தில் இன்னும் எழுதப்படாத அத்துறையின் முதற்பாட்டாக அமையும்.