பழைய லேடீஸ் சைக்கிளும் ரெஸ்டோரேஷன் வீடியோக்களும்

"பழைய சைக்கிள் ரெஸ்டோரேஷன்" என்று யூடியூபில் தேடினால் வருகிற வீடியோக்களுக்கெல்லாம் ஒரே திரைக்கதைதான். துருப்பிடித்த வண்டி ஒன்று வரும். கழற்றுவார்கள். ஃப்ரேமுக்கு மணல் அடித்து வெறும் இரும்பாக்குவார்கள். பவுடர் கோட்டிங், புது குரோம், ஸ்டிக்கர், கடைசியில் ஷோரூம் வண்டி. பார்க்கத் திருப்தியா இருக்கும், நானே ராத்திரி சாப்பிடும்போது பார்ப்பேன். ஆனா எனக்கு ஒரு புகார் உண்டு. இது என்ன வண்டி, எங்கே செய்தது, எந்த வருஷம் என்று கண்டுபிடிக்கும் வேலையை இவர்களில் பலர் செய்வதே இல்லை. அதற்கு உதவும் தடயங்கள் முதல் ஐந்து நிமிடத்திலேயே மணலோடு போய்விடுகின்றன.

பார் இல்லாத லேடீஸ் வண்டிக்கு இதில் கூடுதல் அநியாயம். சேகரிப்பவர்கள் ஜென்ட்ஸ் வண்டியைத்தான் தேடுவார்கள். லேடீஸ் வண்டி கிடைத்தால் அதிலிருந்து ஹப்பையும் செயின் கவரையும் கழற்றி ஜென்ட்ஸ் வண்டிக்குப் போடுவார்கள்.

சமீபத்தில் அலுவலக நண்பர் ஒருவர் தன் அம்மாவின் சைக்கிளை என்ன செய்யலாம் என்று கேட்டார். அம்மா டீச்சர், பள்ளிக்கூடம் போய்வந்தது அந்த வண்டியில்தான். முன்னால் கொக்குப் படம் போட்ட ராலே பேட்ஜ், அதில் நாட்டிங்ஹாம், இங்கிலாந்து என்று இருக்கிறது. கடைக்காரர் பின் ஹப்பில் 59 என்று பார்த்துவிட்டு, "1959 மாடல் சார், பவுடர் கோட்டிங் அடிச்சா பளபளன்னு ஆயிடும்" என்றிருக்கிறார்.

ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப்பில் (பெரும்பாலும் ஏ.டபிள்யூ. மாடல்) வருஷமும் மாதமும் பொறித்திருப்பது உண்மைதான். ஆனால் அது ஹப் செய்த தேதி. சக்கரம் மாற்றியிருந்தால்? ஒரு ஃபைலின் டைம்ஸ்டாம்ப்பை வைத்து மொத்த ப்ராஜெக்டின் வயசைச் சொல்கிற மாதிரி ஆகிவிடும். இரண்டாவது சாட்சி வேண்டும். அந்தக் காலத்து ஆங்கிலேய வண்டிகளில் வழக்கமாக முன் சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பி, பின் சக்கரத்துக்கு 40. இரண்டும் 36 என்றால் சந்தேகப்படலாம். நண்பரின் வண்டியில் 32, 40 சரியாக இருந்தது, இரண்டு ரிம்மும் ஒரே மாதிரி. ஆகவே 59 நம்பக்கூடியது. அதுவும் 59-ன் கடைசி மாதங்களில் செய்த ஹப் என்பதால் வண்டி 60-ல் கூட வெளிவந்திருக்கலாம்.

பேட்ஜை மட்டும் நம்புவதும் ஆபத்து. ராலே 1932-ல் ஹம்பரையும், 1943-ல் ரட்ஜையும், 1957-ல் பி.எஸ்.ஏ. சைக்கிளையும் வாங்கியது. 1960-ல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் சைக்கிள் பிரிவோடு இணைந்தபோது ஹெர்குலிஸ், பிலிப்ஸ் பெயர்களும் அதே குடும்பத்துக்குள் வந்தன. போதாக்குறைக்கு நம்ம ஊரில் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ், அசன்சோலின் சென்-ராலே. பேட்ஜ் திருகாணி இரண்டைக் கழற்றினால் மாறிவிடும். மாற்றக் கஷ்டமானது பெடல் அச்சு போகிற கூட்டின் மரை. நாட்டிங்ஹாம் ராலேயில் அங்குலத்துக்கு 26 மரை, மற்ற ஆங்கிலேயக் கம்பெனிகளில் பொதுவாக 24. "கப் சேரல" என்று புதுசாக 24 மரை வெட்டிவிட்டால் அந்தச் சாட்சியும் காலி.

ஒரு வீடியோவில் டைனோஹப்பை (சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் 6 வோல்ட் டைனமோ) ஒருவர் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, காந்த வளையத்தைப் பிரித்து, துடைத்து, மாட்டினார். கீப்பர் வளையம் வைக்காமல் பிரித்தால் காந்தத்தின் சக்தி இறங்கிவிடும். பளபளவென்று இருந்தது. விளக்கை எரியவைத்துக் காட்டவே இல்லை!

நண்பரின் வண்டியில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஃபாக்டரி சமாச்சாரமே இல்லை. பின் சக்கரத்தின் இடப்பக்கம் உள்ளூரில் கம்பி வளைத்துச் செய்த சேலை கார்டு. வெல்டு கொஞ்சம் கோணல். அதன் கிளாம்ப் உரசி ஃப்ரேம் பச்சை ஒரு விரல் அகலத்துக்குத் தேய்ந்திருக்கிறது. வீடியோக்காரர்களின் கணக்கில் இது ஒரிஜினல் இல்லை, குப்பை. இங்கிலாந்தில் பாவாடையை மனதில் வைத்துச் செய்த வண்டியை இங்கே ஒரு டீச்சர் சேலையோடு ஓட்டினார் என்பதற்கு இருக்கிற ஒரே பொருள் சாட்சி அந்தக் கம்பிதான். புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் 1990களின் தொடக்கத்தில் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்ததைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். அதற்கு முப்பது வருஷம் முன்னால் தனியாக ஓட்டிய பெண்களைப் பற்றி எழுத என்ன மிச்சம் இருக்கிறது?

அதற்காக துருவைக் கும்பிடச் சொல்லவில்லை. பிரேக் கட்டை, கேபிள், காட்டர் பின், பால்ஸ், டயர் எல்லாம் மாற்றியே ஆகவேண்டும், கோட்டம் எடுக்க வேண்டும். மேல் பார் இல்லாததால் லேடீஸ் ஃப்ரேம் அதிகம் முறுக்கும். இரண்டு சாய்வுக் குழாய்களும் சீட் குழாயில் சேரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்காமல் யாரையும் ஏற்றக்கூடாது. துருவுக்கு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் போதும், பெயின்ட்டை அதிகம் தொடாது. விஷம் என்பதால் கையுறை கட்டாயம், பிறகு சோடா உப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். ஆங்கிலேய மூன்று கியர் வண்டி என்றால் மறைந்த ஷெல்டன் பிரவுனின் பக்கங்களைப் படித்துவிட்டு ஸ்பானரைத் தொடுங்கள்.

நண்பர் பவுடர் கோட்டிங் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சேலை கார்டு அப்படியே இருக்கிறது. இப்போது டயர்தான் பிரச்சினை. இதற்கு வேண்டியது 26 x 1 3/8, அதாவது 590 மி.மீ. கடையில் "26 இஞ்ச்" என்று எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் மவுன்டன் பைக்கின் 559. அது இந்த ரிம்மில் உட்காராது.