சனிக்கிழமை விருந்தும் செவ்வாய்க்கிழமைத் தனிமையும்

கனடாவின் மிசிசாகாவில் தமிழ்க் குடும்பங்கள் வார இறுதியில் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவதற்கு ஊரின் அமைப்பும் ஒரு காரணம். 1974இல் நகரமான இந்த ஊர் காரை நம்பி விரிந்த புறநகர். பனிக்காலத்தில் பூங்காவில் உட்கார முடியாது. ஸ்கொயர் ஒன் மாலில் நடக்கலாம், ஆனால் பேச ஆள் வேண்டுமே! கதகதப்பான பேஸ்மென்ட்டும் ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரும் பாட்லக்கும் அந்தக் குறையைத் தீர்க்கின்றன.

பலனும் உண்மையானதே. தாங்கள் எப்போதும் அல்லது அடிக்கடி தனிமையை உணர்வதாகக் கனடாவில் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 13 விழுக்காட்டினர் 2021இல் கனடியப் புள்ளியியல் துறையிடம் கூறினார்கள். அப்படிப்பட்ட நாட்டில் தயங்காமல் தமிழ் பேசவும், புதிதாக வந்தவர் வேலை, வாடகை வீடு, டாக்டர் பற்றி விசாரிக்கவும், பிள்ளைகளுக்கு மாமா, அத்தை கிடைக்கவும் இந்தக் கூடல் உதவுகிறது.

சிக்கல் சமையலறையில் தொடங்குகிறது. ஒரு வீட்டில் ஐந்து வகை வைத்தால் அடுத்த வீட்டில் ஏழு வைக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சுமை பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுகிறது. அழைத்தவரைத் திருப்பி அழைக்கும் கடனும் சேர்கிறது. வாடகை அறையில் இருக்கும் மாணவரால் அந்தக் கடனை அடைக்க முடியாது. மெல்ல மெல்ல அவர் பெயர் அழைப்பிலிருந்து உதிர்ந்துவிடும். சுமை கூடக் கூடக் கூடலும் அரிதாகிறது. அறிமுகமானவர் சாதாரண நண்பராகவே சுமார் 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும் என்பது கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின் கணக்கு. ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து மணி நேர விருந்து என்றால் அதற்குப் பத்தாண்டு ஆகும்.

இதைவிடப் பெரிய குறை நேரம் பற்றியது. சூப்பர் விசாவில் வரும் பெற்றோர் 2022 ஜூலை முதல் ஒரே வருகையில் ஐந்தாண்டு வரை தங்கலாம். மகனும் மருமகளும் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் போனபின், கார் ஓட்டத் தெரியாத அம்மாவை வாட்டுவது செவ்வாய்க்கிழமைப் பகல். சனிக்கிழமை இரவு விருந்து அந்தப் பகலைத் தொடுவதே இல்லை.

நல்ல முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. கொலுவுக்கு வருபவர் அரை மணி இருப்பார், சுண்டலும் தாம்பூலமும் வாங்கிக்கொண்டு கிளம்புவார். சாப்பாடு போட வேண்டியதில்லை, ஒன்பது நாளும் கதவு திறந்திருக்கும். ஆனால் அது ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். பெண்களையே முன்வைத்து அழைப்பதும், சமயத்தையும் தெரிந்த வட்டத்தையும் தாண்டாததும் அதன் குறைகள்.

ஆகவே வீட்டுக் கூடலைக் கைவிட வேண்டியதில்லை, விருந்திலிருந்து பிரித்தால் போதும். வார நாளில் ஒரு பகல், டீயும் ஒரு பலகாரமும், பெரியவர்களைக் காரில் அழைத்துவரப் பொறுப்பேற்கும் ஒருவர். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரும் ஷிப்டில் போகிறவரும் முறைவைத்தால் இது நடக்கும். படம் எடுத்துப் போட இதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. அதனாலேயே அடுத்த வாரமும் நடத்த முடியும்.