இரைச்சலும் நாதமும்: மன்னார்க் கூத்திசையும் ஃபஸ் பெடலும்

ஈழத்துத் தமிழிசை பற்றிய திறனாய்வில் மின்கிற்றார் ஓர் அழையா விருந்தாளியாகவே நடத்தப்பட்டு வந்துள்ளது. அதன் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடலோ திறனாய்வுக்குரிய பொருளாகவே கொள்ளப்படவில்லை. 'இறக்குமதி இரைச்சல்' என்ற ஒரு தொடருடன் அது ஒதுக்கப்படுகின்றது. இரைச்சல் என்பது ஒலியைப் பற்றிய விவரணமா, அன்றி ஒலிப்போரைப் பற்றிய மதிப்பீடா என்ற வினா அத்தொடரினுள் மறைந்து கிடக்கின்றது.

பொருளை முதலில் நோக்குதல் வேண்டும். காலால் மிதித்து இயக்கும் சிறியதோர் உலோகப் பெட்டி இது. 1966இல் இலண்டனில் விற்பனைக்கு வந்த 'ஃபஸ் ஃபேஸ்' என்னும் பெட்டியினுள் இருந்தவை இரண்டு திரான்சிற்றர்கள், நான்கு தடைகள், மூன்று கொள்ளளவிகள், இரண்டு திருகிகள் மட்டுமே. வலு ஒரு 9 வோல்ற்று மின்கலவடுக்கிலிருந்து கிடைத்தது. பற்றாசு பிடிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு மாலைப் பொழுதிற் செய்து முடிக்கக்கூடியது. கிற்றாரின் நலிந்த மின்னலையை இரு திரான்சிற்றர்களும் அளவுக்கு மீறிப் பெருக்குகின்றன; 9 வோல்ற்றுக்குள் அடங்க மாட்டாத அலையின் முடிகள் வெட்டுண்டு தட்டையாகின்றன. வளைந்த அலை சதுரத்தை அண்மிக்கும்போது மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் பல தோன்றுகின்றன. கரகரப்பு என்று செவி உணர்வது இவற்றையே.

இதன் பிறப்பு ஒரு பழுதிலிருந்து நேர்ந்தது. 1961இல் வெளியான மாட்டி றொபின்ஸின் பாடலொன்றில், ஒலிப்பதிவுக் கருவியின் கோளாறினால் உறுமிய கிற்றார்ப் பகுதி நீக்கப்படாமல் விடப்பட்டது. 1962இல் அந்தக் கோளாறே பெட்டியில் அடைக்கப்பட்டு 'மாஸ்ட்ரோ ஃபஸ் ரோன்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1965இல் றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினரின் 'சற்றிஸ்ஃபக்சன்' அதனை உலகறியச் செய்தது.

பழுதை விரும்பி ஏற்பது தமிழ்ச் செவிக்குப் புதிதன்று. தம்பூராவின் குதிரைக்கும் தந்திக்கும் இடையே செருகப்படும் 'ஜீவா' என்னும் நூல், தந்தியைச் சீராக அதிரவிடாது உராய்ந்து மேற்சுரங்களை எழுப்புகின்றது. நூல் விலகினால் தம்பூரா உயிரற்றதாகின்றது என்பர். மிருதங்கத்தின் வலந்தலைத் தோல்களுக்கிடையே ஈர்க்குத் துண்டுகளைச் செருகுவதும் இரைவொலி பெறுதற்கே. குச்சி மிருதங்கம் என்ற பெயரே அதனால் வந்தது. சபா மேடையில் நாதம் எனப் போற்றப்படும் செயல் மின்கிற்றாரில் நிகழும்போது மட்டும் இரைச்சலாகிவிடுவதற்கு ஒலியியலிற் காரணம் தேடிப் பயனில்லை.

மன்னார்ப் பிரதேசம் இவ்விடத்து முக்கியத்துவம் பெறுகின்றது. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இரு கூத்து மரபுகளைப் பேணிய கத்தோலிக்கக் கிராமங்களைக் கொண்டது அது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'எண்டிறிக்கு எம்பரதோர்', 'மூவிராசாக்கள்' முதலிய மன்னார் நாடகங்களைப் பதிப்பித்தபோதுதான் பல்கலைக்கழகச் சூழல் அவற்றைப் படிக்கத் தொடங்கியது. 'எண்டிறிக்கு எம்பரதோர்' என்ற பெயரையே சற்றுக் கவனிக்கலாம்: போர்த்துக்கேயரின் பேரரசன் தமிழ்க் குரல்வளையினூடே புகுந்து வெளிவந்த கோலம் அது! அயலொலியைத் தன் மிடற்றுக்கேற்பத் திரித்துக்கொள்வதில் இக்கரைக்கு நூற்றாண்டுகளின் பயிற்சி உண்டு.

இக்கூத்துப் பாடல்கள் தனிநிரலான மெட்டுக்கள். மத்தளமும் தாளமும் துணை நிற்க, ஒருவர் பாடப் பிற்பாட்டுக்காரர் ஏற்றுப் பாடுவர், சுரச்சேர்க்கை இல்லை. இவற்றைக் கிற்றாரில் இசைக்க முற்படுவோர் பொதுவாக எளிதாகக் காணக்கூடிய வழி, தெளிந்த ஒலியிற் சுரச்சேர்க்கைகளை மீட்டி, பாட்டை அதன்மேல் மிதக்கவிடுவது. நாகரிகமாகத் தோன்றும் இவ்வழியே மெட்டுக்குக் கூடிய ஊறு செய்வது. நெகிழ்ந்து செல்லும் சுரத்தை அது மேலைச் சுரச்சட்டத்தினுள் அடைத்துவிடுகின்றது.

ஃபஸ் பெடல் அவ்வாறு செய்ய இடமளிப்பதில்லை. மூன்று நான்கு சுரங்களை ஒருங்கே ஒலித்தால் அவை ஒன்றோடொன்று கலந்து புதிய அதிர்வுகளை ஈன்று குழம்பிப் போகின்றன. சட்சமமும் பஞ்சமமும் மட்டுமே ஓரளவு தாங்கும். அவற்றின் அதிர்வெண்கள் 2:3 என நிற்பதால் அவற்றின் வேறுபாடு கீழ்ச் சட்சமமாகவே ஒலிக்கின்றது. ஆகவே இசைப்பவர் தனிச்சுர வரிசைக்கே திரும்ப வேண்டியவராகின்றார். மேலும், மீட்டிய கணமே நலியத் தொடங்கும் தந்தியொலி, முடி வெட்டுண்ட நிலையில் நெடுநேரம் ஒரே உரப்பில் நிற்கின்றது. தந்தியை இழுத்து வளைத்துச் சுரத்தை அசைக்க இந்நீட்சி இடந்தருகின்றது. இந்நிலையிற் கிற்றார் வீணையைவிட நாகசுரத்துக்கு நெருங்கியது. திறந்த வெளியில் இரவு முழுதும் பாடும் கூத்தரின் உரத்த குரலுக்கும் இவ்வொலியே இணையாக நிற்கவல்லது. அக்குரலும் ஒருகாலத்தில் கரடுமுரடானதென்று படித்தோரால் ஒதுக்கப்பட்டதே.

எனினும் பெடல் இருப்பதனாலேயே இசை அமைந்துவிடாது. முதற் சுரத்திலிருந்து இறுதிச் சுரம்வரை அதனை மிதித்தே வைத்திருப்பது, உணவில் உப்பை அள்ளிக் கொட்டுவது போன்றது. நல்ல ஃபஸ் பெடலில் கிற்றாரின் ஒலித் திருகியைச் சிறிது தணித்தாலே கரகரப்பு அடங்கித் தெளிவு மீளும். விரலின் அழுத்தத்துக்கும் அது செவிசாய்க்கும். இந்த இசைவை அறியாதவர் கையில் ஃபஸ் இரைச்சல்தான்; அங்கே 'இரைச்சல்' என்ற சொல் தன் உரிய இடத்தை அடைகின்றது.

கையாற் செய்வதன் அவசியமும் இவ்விசைவிலேயே தங்கியுள்ளது. பழைய பெட்டிகளின் ஜேர்மானியத் திரான்சிற்றர் வெப்பத்துக்கு மிக நொய்தானது. வெப்பநிலை ஏறத்தாழ 10 பாகை செல்சியசு உயர அதன் கசிவு மின்னோட்டம் இருமடங்காகின்றது. இலண்டனில் 20 பாகை அறையிற் சீர்செய்யப்பட்ட பெட்டி, 30 பாகையைத் தாண்டிய மன்னார்ப் பகலிற் தன் சமநிலையை இழக்கும். சுரம் முறிந்து திக்கும், அல்லது பாதியிலேயே அடங்கிவிடும். அங்கு இருந்து செய்பவர் நிலையான தடைக்குப் பதிலாக மாறுதடை ஒன்றை இட்டு, இரண்டாந் திரான்சிற்றரின் சேகரிப்பான் வோல்ற்றளவை 4.5 அளவில் தம் ஊர் வெப்பத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். கசிவு குறைந்த சிலிக்கனையும் நாடலாம்; அதன் ஒலி கூர்மை மிக்கது, சிலவேளை வானொலி நிலையங்களையும் தன்னுள் இழுத்துக்கொள்ளும். உப்புக்காற்று ஆளிகளின் தொடுமுனைகளை அரிக்காதவாறு பெட்டியை இறுக மூடுவதும் அவர் பொறுப்பே.

1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்கலங்கள் தடைசெய்யப்பட்டிருந்தபோது சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்களின் வடபுலத்தில் இத்தகைய கைத்திறனுக்குப் பஞ்சமிருக்க நியாயமில்லை. பற்றாக்குறை செய்நேர்த்தியில் அன்று, கேட்குஞ் செவியிலேயே உள்ளது. எண்டிறிக்கு எம்பரதோரை ஏட்டிலிருந்து மீட்ட பல்கலைக்கழகத்துக்கு, அதன் மெட்டொன்று கரகரத்த கிற்றாரில் எழும்போது அதனை நின்று கேட்டு, சுரம் சுரமாக மதிப்பிடும் கடன் உண்டு.