நான்கு முறை துள்ளிய கூக்ளி

1900-ஆம் ஆண்டு, லண்டன் லார்ட்ஸ் மைதானம். லெஸ்டர்ஷயர் அணியின் சாமுவேல் கோ 98 ரன்னில் நிற்கிறார். மிடில்செக்ஸ் அணிக்காகப் பந்து வீசுபவர் பெர்னார்ட் போசன்கே. லெக் பிரேக் போலக் கையிலிருந்து கிளம்பிய பந்து, நான்கு தடவை தரையில் துள்ளி, எதிர்ப்பக்கம் திரும்பிப் போனது. கோ ஸ்டம்பிங். கூக்ளிக்கு விழுந்த முதல் விக்கெட் அதுதான் என்பார்கள். மேசை மேல் டென்னிஸ் பந்தைத் துள்ளவிட்டு ஆடும் ஒரு பொழுதுபோக்கில் போசன்கே கண்டுபிடித்த வித்தை அது. நான்கு துள்ளல் என்றால் எங்கள் தெருவில் அந்தப் பந்தை எண்ணிக்கையிலேயே சேர்த்திருக்க மாட்டோம்.

அலங்கோலமான பந்துதான். ஆனாலும் கோ ஏமாந்தார். லெக் பிரேக் எந்தப் பக்கம் திரும்பும் என்று அவருக்குத் தெரியும், அதனால் ஏமாந்தார். கிரிக்கெட்டே தெரியாத ஒருவரை மட்டையோடு நிறுத்தியிருந்தால் அந்தப் பந்தில் ஒரு விசேஷமும் இருந்திருக்காது.

இந்தப் பத்தியில் வழக்கமாகப் பந்தும் மட்டையும்தான் வரும். இந்த வாரம் ஆடுகளம் வேறு. பிரிட்டனில் ஊடகவியல் படித்த பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் எடுத்த திகில் படத் தொடக்கங்களைச் சில வாரங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். அதாவது ஓர் ஓவர் போடும் நேரம்கூட இல்லை.

முதலில் ஆட்ட விதிகள். ஓ.சி.ஆர். என்ற தேர்வு வாரியம் 2008-ல் கொண்டுவந்த பாடத்திட்டம் இது, இப்போது மாறிவிட்டது. ஒரு புதிய கதைப்படத்தின் டைட்டில்களும் தொடக்கமும் எடுக்க வேண்டும். அதிகபட்சம் 2 நிமிடம். ஒரு குழுவில் 4 பேருக்கு மேல் கூடாது. காப்புரிமை இல்லாத இசையும் ஒலிகளும் தவிர மற்றதெல்லாம் சொந்தத் தயாரிப்பாக இருக்க வேண்டும். மொத்தம் 100 மதிப்பெண்: படத்துக்கு 60, ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் 20, எடுத்த படத்தைத் தாங்களே அலசி எழுதுவதற்கு 20. அந்த அலசலில் 7 கேள்விகள். முதல் கேள்வியிலேயே யார்க்கர்: உண்மையான படங்களின் மரபுகளை உங்கள் படம் எப்படிப் பயன்படுத்துகிறது, எப்படி வளர்க்கிறது, எங்கே எதிர்க்கிறது?

நிறையப் பிள்ளைகள் திகிலைத் தேர்ந்தெடுப்பதன் காரணம் சுலபம். காதல் படத்துக்கு நடிக்கத் தெரிந்த இரண்டு பேர் வேண்டும். திகிலுக்கு ஒரு டார்ச் போதும். பள்ளிக்குப் பின்னால் நாலு மரம், அம்மாவின் சமையலறைக் கத்தி, ஹூடி போட்ட ஒரு நண்பன். நண்பனின் முகம் தெரியவே கூடாது என்பதால் அவன் நடிக்கவும் வேண்டாம்.

இந்தக் களத்தின் வழக்கமான ஆட்டம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. கறுப்புத் திரை. மூச்சிரைக்கும் ஓசை. ஒரு பெண் தனியாக நடக்கிறாள். ஊஞ்சல் கிறீச்சிடுகிறது (நம்மூரில் கொலுசு பார்க்கும் வேலையை அங்கே ஊஞ்சல் பார்க்கிறது). பியானோவில் தாலாட்டு மெட்டு, ஒரு கட்டை பிசகி. கேமரா மரத்துக்குப் பின்னால் ஒளிந்து அவளைப் பார்க்கிறது. அவள் திரும்புகிறாள், யாருமில்லை. மறுபடி திரும்புகிறாள். அலறல். சிவப்பு எழுத்தில் படத்தின் பெயர், ரத்தம் வழிய. பாதிப் படங்களில் நடுப்பகல் வெயிலை கணினியில் நீலமாக்கி இரவு என்று சாதிக்கிறார்கள். அவளுடைய நிழல் தரையில் கறுப்பாக, கூர்மையாகக் கூடவே வந்து காட்டிக்கொடுக்கிறது.

இதைக் கேலி செய்வது என் நோக்கமில்லை. லெக் பிரேக் போடக் கற்காமல் யாரும் கூக்ளி வீச முடியாது. கோளாறு 'எதிர்க்கிறது' என்ற அந்த மூன்றாவது சொல்லில் தொடங்குகிறது. மதிப்பெண் அங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். உடனே ஆளை மாற்றுகிறார்கள். ஓடுபவன் பையன், துரத்துபவள் பெண். மற்றதெல்லாம் அதே ஊஞ்சல், அதே மரம், அதே அலறல். ஹூடிக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பவருக்குக் கடைசி வரை தெரியாத நிலையில், மரபு உடைந்த செய்தி விடைத்தாளில் மட்டும்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு, திகில் படத்தில் கடைசியில் எஞ்சி நிற்பவள் பெண்தான் என்பதை அமெரிக்க ஆய்வாளர் கேரல் குளோவர் 1987-லேயே எழுதி, அதற்குப் பெயரும் வைத்துவிட்டார். பிள்ளைகள் உடைப்பதாக நினைக்கும் சுவர் அங்கே இல்லை.

சரி, உண்மையான கூக்ளி எப்படி இருக்கும்? ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்', 1978. முதல் காட்சியை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். சுமார் நான்கு நிமிடம். கொலையாளியின் கண் வழியாகவே எல்லாம். வெட்டே இல்லாத ஒரே ஷாட் போலத் தோன்றும். 1963, அக்டோபர் 31 இரவு. கேமரா ஒரு வீட்டைச் சுற்றி வருகிறது. ஜன்னலில் ஓர் இளம்பெண்ணும் அவள் காதலனும். மாடியில் விளக்கு அணைகிறது. கேமரா பின்கதவு வழியே உள்ளே போகிறது. சமையலறை இழுப்பறை திறக்கிறது. ஒரு கை கத்தியை எடுக்கிறது. காதலன் படியிறங்கிப் போய்விடுகிறான், சிரிப்பு வரும் வேகத்தில். தரையில் கிடந்த கோமாளி முகமூடியைக் கை எடுத்து மாட்ட, திரையில் இரண்டு ஓட்டைகள் மட்டும் மிஞ்சுகின்றன. அறை, பெண், குத்து. படியிறங்கி வாசலுக்கு வந்தால் கார் வந்து நிற்கிறது. அப்பா முகமூடியை உருவுகிறார்.

ஆறு வயதுப் பையன். கையில் கத்தி.

இதில் எத்தனை லெக் பிரேக் விழுந்தது என்று எண்ணுங்கள். இரவு, தனி வீடு, கத்தி, அரைகுறை ஆடையில் பெண், ஒளிந்து பார்க்கும் கண். ஒன்றுகூட எதிர்பாராத பக்கம் திரும்பவில்லை. ஒளிந்து பார்க்கும் கண்ணும் புதிதல்ல. மைக்கேல் பவலின் 'பீப்பிங் டாம்' 1960-லேயே அப்படித்தான் தொடங்கியது. கார்பென்டர் திருப்பியது ஒரே ஒரு பந்தை. 'கொன்றது யார்' என்ற கேள்வியைப் படம் முழுக்கக் காப்பாற்றி வைப்பதுதான் கொலைக் கதைகளின் வழக்கம். அவர் அதை நான்காவது நிமிடத்தில் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

என் தொழில் புத்தி வேறொன்றையும் கவனித்தது. நல்ல மட்டையாளர் கூக்ளியைப் பந்தில் படிப்பதில்லை, மணிக்கட்டில் படிப்பார். அந்த நான்கு நிமிடமும் கேமரா ஒரு பெரிய ஆளின் கண் உயரத்தில்தான் நகர்கிறது. ஆறு வயதுப் பையனுக்கு அந்த உயரமே கிடையாது. கத்தி எடுக்கும் கையும் குழந்தையின் கை அல்ல, படத்தின் தயாரிப்பாளர் டெப்ரா ஹில்லின் கை. சுத்தமான ஏமாற்று. கார்பென்டர் நேர்மையாக கேமராவை மூன்றரை அடிக்கு இறக்கியிருந்தால் முதல் அரை நிமிடத்திலேயே மணிக்கட்டு தெரிந்திருக்கும். பார்க்கும் யாரும் இதற்காக நடுவரிடம் முறையிட்டதில்லை.

பதினெட்டு ஆண்டு கழித்து 'ஸ்க்ரீம்' வந்தபோது ரசிகர்கள் இந்தப் பந்துகளையெல்லாம் படித்துத் தேறிவிட்டிருந்தார்கள். எனவே வெஸ் கிரேவன், தேறியவர்களையே குறிவைத்தார். தொலைபேசியில் கொலையாளி திகில் பட வினாடி வினா நடத்துகிறான். 'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்' முதல் படத்தில் கொன்றது யார்? ஜேசன் என்கிறாள் பெண். தவறு, ஜேசனின் அம்மா. திரையரங்கில் பாதிப் பேர் அவளோடு சேர்ந்து தவறாகச் சொல்லியிருப்பார்கள். அடுப்பில் பாப்கார்ன் பொட்டலம் ஊதிக்கொண்டே போகிறது. ஸ்கோர் போர்டு அதுதான். சுமார் 12 நிமிடம் முடிவதற்குள் ட்ரூ பேரிமோர், சுவரொட்டியில் பெரிதாக முகம் போட்ட நட்சத்திரம், செத்துப் போகிறார். 'சைக்கோ'வில் ஹிட்ச்காக் 1960-ல் ஜேனட் லீயை இப்படிக் கொன்றவர்தான். ஆனால் முக்கால் மணி நேரம் ஆடவிட்டுக் கொன்றார்.

பிள்ளைகளுக்கு நான் சிபாரிசு செய்வது இவை எதுவுமில்லை. பன்னிரண்டு நிமிடமும் பேரிமோரும் அவர்களிடம் இல்லை. 1968-ல் பிட்ஸ்பர்க் பக்கத்து இளைஞர்கள் சொற்பக் காசில் எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' தொடக்கத்தைப் பார்க்கட்டும். கல்லறைத் தோட்டம், ஆனால் வெளிச்சம் இன்னும் போகவில்லை. தூரத்தில் கோட்டு சூட்டு போட்ட ஒருவர் தள்ளாடி நடந்து வருகிறார். அண்ணன் தங்கையைப் பயமுறுத்தி விளையாடுகிறான்: அதோ, உன்னைப் பிடிக்க வருகிறார்கள் என்று. அவளுக்கு அந்த மனிதரின் காதில் விழுந்திருக்குமோ என்று கூச்சம். அவர்தான் பிணம். மரத்துக்குப் பின்னால் ஒளியவில்லை, ஹூடி போடவில்லை, எல்லாரும் பார்க்க நடந்து வந்தார். செலவு: ஒரு பழைய கோட்டு.

அல்லது 1999-ன் 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்'. புளோரிடாவில் ஒன்றாகத் திரைப்படம் படித்த டேனியல் மைரிக்கும் எட்வர்டோ சான்செஸும் எடுத்தது. கதையும் காட்டில் காணாமல் போகும் மூன்று மாணவர்களைப் பற்றியது. முதல் எழுத்து அட்டையிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறார்கள்: போனவர்கள் வரவில்லை, ஒளிப்பதிவு மட்டும் கிடைத்தது. பிறகு அந்த மூவரும் கடையில் மார்ஷ்மெல்லோ வாங்குகிறார்கள், கேமரா முன்னால் அசட்டுத்தனம் செய்கிறார்கள். மாணவர் படம் என்றால் நாம் மன்னித்துவிடும் குறைகள் எல்லாம் உண்டு: ஆடும் கேமரா, குவியாத பிம்பம், அசடு வழியும் பேச்சு. முடிவு தெரிந்துவிட்டதால் அந்த மார்ஷ்மெல்லோ பொட்டலத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது.

இப்போது நான் பார்த்ததில் சிறந்த ஆட்டம். நால்வர் குழு. பெயர் வேண்டாம், பள்ளியும் வேண்டாம், சின்னப் பிள்ளைகள்.

0 முதல் 15 விநாடி: கறுப்புத் திரை, குளிர்பெட்டியின் உறுமல். வழக்கமான தொடக்கம், நல்ல நீளத்தில் விழுந்த பந்து. பிறகு காலை வெயில் நிறைந்த சமையலறை. பெரிய கத்தி, குளோசப்பில். அது ரொட்டியின் ஓரத்தை நறுக்குகிறது. அம்மாவின் கைகள் மட்டும் தெரிகின்றன, முகம் இல்லை. நடிகர் பெயர்களும் குழுவின் பெயர்களும் குளிர்பெட்டிக் கதவில் காந்த எழுத்துகளாக வருகின்றன; ஒவ்வொரு பெயரிலும் ஓர் எழுத்து குறைகிறது. ரத்தம் சொட்டும் எழுத்தைவிட எனக்கு இது எவ்வளவோ மேல்.

50-வது விநாடியில் சாப்பாட்டு டப்பா மூடப்படுகிறது. 65-ல் வெளியே பள்ளிப் பேருந்தின் ஓசை. அம்மா டப்பாவோடு வாசலில் நிற்கிறாள், நமக்கு முதுகு காட்டி. பேருந்து நிற்காமல் போகிறது. ஓசை தேய்ந்து மறையும் வரை ஷாட்டை வெட்டவில்லை, ஏழு விநாடி. இரண்டு நிமிடப் படத்தில் ஏழு விநாடி சும்மா நிற்க நெஞ்சழுத்தம் வேண்டும். 90-ல் அவள் திரும்பி வந்து சாமான் அலமாரியைத் திறக்கிறாள். உள்ளே டப்பாக்கள். அடுக்கடுக்காக, மேல்தட்டு வரை. புதிதை மேலே வைக்கிறாள். கதவு மூடுகிறது. 104-வது விநாடியில் குளிர்பெட்டி நிற்கிறது. அதுவரை அது ஓடிக்கொண்டிருந்ததே அப்போதுதான் உறைக்கிறது.

கத்தி, உறுமல், தெரியாத முகம், வீட்டுக்குள் ஒரு மூடிய கதவு. மரபுகள் அத்தனையும் இருக்கின்றன. துரத்துபவன் மட்டும் இல்லை, இருட்டும் இல்லை.

110-வது விநாடியில் அலறல் கேட்கிறது. யாருடையது என்று தெரியவில்லை. அம்மாவுடையதாக இருக்க வழியில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அலறல், ஏற்கெனவே மூன்று படங்களில் கேட்டுவிட்டேன். நான்கு விநாடி நீளம். கூடவே சிவப்பில் படத்தின் பெயர். தொண்ணூறுகளில் நிற்பவர் திடீரென்று மட்டையைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டு சுற்றுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! எடிட்டிங் செய்த பெண் தன் அலசலில் காரணத்தை ஒளிக்காமல் எழுதியிருக்கிறாள்: அலறல் இல்லாவிட்டால் இது திகில் படம் என்று தேர்வாளருக்குத் தெரியாமல் போய்விடுமோ என்று குழுவில் பயந்தார்களாம். மூன்றுக்கு ஒன்று வாக்கு. எதிர்த்து வாக்களித்தவள் தான்தான் என்று அவள் சொல்லவில்லை. எனக்கு ஓர் ஊகம் உண்டு.

நேற்று இரவு இந்தப் பத்தியை எழுதுவதற்காக அந்தப் படத்தை மறுபடி போட்டேன். 110-வது விநாடி வந்ததும் ஒலியை நிறுத்திவிட்டு மீதியைப் பார்த்தேன். அலமாரிக் கதவு, அமைதி, சிவப்பு எழுத்து. அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் நின்றது. எழுந்து போய் சமையலறை விளக்கைப் போட்டுவிட்டு வந்துதான் இந்த வரியை எழுதினேன்.